ஒரே லைனில் ரெண்டு பேர்

நம்ம லேபில் இன்னும் 8085 கிட்தான். வைவாவில் அதன் 5 இன்டரப்ட்டையும் டிராப் முதல் ஐஎன்டிஆர் வரை வரிசை தவறாமல் ஒப்பித்தேன். "அதுக்கு மேல கருவி வந்தா?" என்றார் வெளித்தேர்வாளர். "8259 போடலாம் சார், 8 லைன் கிடைக்கும்." "ஒன்பதாவது வந்தா?" இன்னொரு 8259-ஐ அடுக்கலாம் என்றேன். 1984-ல் ஐபிஎம் பிசி ஏடி-யில் அப்படித்தான் செய்தார்கள். இணைப்புக்கே ஒரு லைன் போய், மிச்சம் 15. "சரிப்பா, ஒரே லைன்ல ரெண்டு பேர் உக்காந்தா?" முழித்தேன். மார்க் போச்சு.

மறுவாரம் ரெண்டு சுவிட்சை ஓஆர் கேட் வழியாக ஆர்எஸ்டி 7.5-க்குக் கொடுத்துப் பார்த்தேன். முதல் சுவிட்சைப் பிடித்துக்கொண்டே இரண்டாவதை அழுத்தினால் டிஸ்ப்ளேயில் எண்ணிக்கை ஏறவே இல்லை! லைன் ஏற்கெனவே மேலே நிற்கிறது. புதிதாக ஏறினால்தான் 7.5-க்குத் தெரியும். ஒயரை 6.5-க்கு மாற்றினேன். அது நிலையைப் பார்ப்பது. யாராவது பிடித்திருக்கும்வரை, ஈஐ கொடுத்தவுடன் மறுபடி கூப்பிடும். கூப்பிட்டது யார் என்று போர்ட்டைப் படித்துக் கண்டுபிடிப்பது நம்ம புரோகிராமின் வேலை. பழைய ஐஎஸ்ஏ கார்டுகள் லைனுக்கு அடித்துக்கொண்டதும், பிசிஐ கார்டுகள் பகிர்ந்துகொண்டதும் இந்த வித்தியாசத்தால்தான்.

ரெக்கார்டு நோட்டிலோ ஒரு சுவிட்சு, ஒரு லைன், ஐசிடபிள்யூ மனப்பாடம். (நானும் சீனியரைப் பார்த்துத்தான் எழுதினேன்.) அதில் ஒரு சோதனையை எடுத்துவிட்டு இதைச் சேர்க்கச் சொல்லி எல்லோரும் சேர்ந்து துறையில் கேட்போம். செலவே கிடையாது. 7432 ஐசி லேப் அலமாரியிலேயே கிடக்கிறது.