குற்றாலீஸ்வரன் மேல என்ன குற்றம்?

குற்றாலீஸ்வரன் பேரை எடுத்தாலே, "எவ்வளவு பெரிய திறமை, கடைசியில நம்மள மாதிரி இன்ஜினியர் ஆயிட்டாரே"ன்னு உச்சு கொட்டறாங்க மக்கள். கேட்டாலே பத்திக்கிட்டு வருது.

1994-ல பாக் நீரிணை, ஆங்கிலக் கால்வாய்னு ஒரே வருஷத்துல ஆறு இடத்துல நீந்தினார். 1966-ல மிஹிர் சென் ஐந்து இடத்துல நீந்தின சாதனை காலி. கால்வாயைக் கடந்தப்போ வயசு 12! 1996-ல அர்ஜுனா விருது கொடுத்தாங்க. சரி, அப்புறம்?

கடல் நீச்சலுக்கு உடம்பு மட்டும் போதாதுங்க. கூடவே வர்ற படகு, மேற்பார்வையாளர், விமான டிக்கெட், கடல் அடங்குற வரைக்கும் வெளிநாட்டுல காத்திருக்கிற செலவு. எல்லாம் நீந்துறவங்க தலையிலதான். 10 கி.மீ. மாரத்தான் நீச்சல் ஒலிம்பிக்ஸ்ல சேர்ந்ததே 2008 பீஜிங்லதான். பதக்கம் இல்லாத ஆட்டத்துக்கு எவன் காசு தருவான்? போதுமான ஸ்பான்சர் இல்லை, படிக்கப் போயிட்டார்.

"ஆர்வம் இருந்தா வழி பொறக்கும்"னு சொல்றவங்களே, ஆர்வத்தைக் காட்டினா டோவர்ல படகு வாடகைக்குத் தர மாட்டாங்க.

அவர் எதையும் வீணாக்கலை. கை தட்டிட்டு, பில் வந்ததும் எழுந்து போனது நாமதான். உச்சு கொட்டறதா இருந்தா நம்மளைப் பார்த்துக் கொட்டிக்குவோம்.