45 நாளில் மறுபடி எழுதச் சொல்வது யாருக்காக?

ரொம்ப நாளாச்சு இங்கே எழுதி. டூட்டி, பிள்ளைகள், சிகாகோ பனி... சாக்குக்கா பஞ்சம்? ஆனா போன வாரம் வந்த ஒரு போனுக்கு அப்புறம் சும்மா இருக்க முடியலை. கொஞ்சம் சூடான பதிவுதான், பொறுத்துக்கோங்க.

போன் பண்ணினது சித்தி மகள். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டூட்டி முடிஞ்சு, தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டே பேசினாள்.

"அக்கா, என்கிளெக்ஸ் போச்சுக்கா. 85-லயே நின்னுட்டு."

சரி, போனால் போகுது, அழாதேன்னேன். அவள் அடுத்துச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கலை.

"45 நாள் கழிஞ்ச உடனே அடுத்த தேதி போடணுமாம். கோச்சிங்ல சொல்லியாச்சு. டல்லாஸ் மாமாவும் குரூப்புல, சூட்டோட சூடா எழுதிருன்னு போட்டிருக்காரு."

சூட்டோட சூடாவா? இது என்ன தோசையா?

முதல்ல ஒரு விஷயம். ஒரு தடவை எழுதினால் அடுத்த தடவைக்குக் குறைஞ்சது 45 நாள் இடைவெளி வேணும்னுதான் விதி. அதற்கு முன்னாடி எழுத விட மாட்டாங்க, அவ்வளவுதான். 46-ஆம் நாள் எழுதியே ஆகணும்னு யாரும் சொல்லலை. வருஷத்துக்கு 8 தடவை வரை எழுதலாம்னும் இருக்கு. அதுக்காக எட்டு தடவையும் எழுதிப் பார்க்கவா முடியும்? காத்திருக்கச் சொன்ன கணக்கைக் கெடுவாக மாத்தினது கோச்சிங்காரங்க. அந்தக் கெடுவை வீட்டுக்குள்ள கொண்டு வந்தது நாம.

இதை நான் வேடிக்கை பார்த்துட்டுச் சொல்லலை. 2007-ல் நானும் அதே தம்பானூரில் அலைஞ்சவள். காலையில் மார்த்தாண்டத்திலிருந்து பஸ், பகலெல்லாம் கோச்சிங். மத்தியானம் லாரி பேக்கர் கட்டின அந்தச் சுருள் இந்தியன் காபி ஹவுஸில் பீட்ரூட் மசால் தோசையை ஆறவிட்டு மருந்துப் பேர் மனப்பாடம். சென்னையில் எழுதி முதல் தடவை போச்சு. 45 நாள் முடிஞ்ச வாரமே மறுபடி எழுதினேன். அதே நோட்டு, அதே கேள்வி, ரெண்டு மடங்கு பயம். அதுவும் போச்சு. அப்பா ரப்பர் தோட்டத்தின் பேரில் வாங்கின கடனுக்கு வட்டி மட்டும் ஒழுங்கா ஏறிச்சு. மூணாவது தடவை அஞ்சு மாசம் எடுத்துக்கிட்டேன். தேறினேன். மூளை புதுசா வளரலை, நேரம் கிடைச்சுது. அவ்வளவுதான்.

ஏன் நேரம் வேணும்? மனப்பாடத்துக்கு இல்லை. நம்ம வார்டில் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிறதும் கஞ்சி கொடுக்கிறதும் கூட இருக்கிற சொந்தக்காரங்க. அந்தத் தேர்வில் சொந்தக்காரங்களே கிடையாது. "நாலு நோயாளிகள், யாரை முதலில் பார்ப்பாய்? எந்த வேலையை உதவியாளரிடம் விடலாம், எதை விடக்கூடாது?"ன்னு கேட்பாங்க. டாக்டர் சொன்னதைச் செஞ்சு பழகின கையை, தானா முடிவெடுக்கப் பழக்கணும். 2023 ஏப்ரலில் வந்த புது முறையில் ஒரே நோயாளியின் கதையை வச்சு ஆறு கேள்வி தொடர்ந்து வரும். வாரத்தில் அஞ்சு நைட் டூட்டி பார்த்துட்டு இதை 45 நாளில் பழகணும்னால் எப்படி?

இன்னொண்ணு. இந்தத் தேர்வில் கம்ப்யூட்டருக்கு 95 சதவீதம் நிச்சயம் ஆனதும் நிறுத்திடும். குறைஞ்சது 85 கேள்வி, அதிகபட்சம் 150. 150 வரை போய்ப் போனவள் வாசல் படியில் தடுக்கினவள். 85-லயே போனவள் வாசலுக்கு இன்னும் தூரத்தில் இருக்கிறாள். கசப்பான உண்மை, ஆனா அதைச் சொல்றதுதான் அன்பு. தேறாதவங்களுக்கு ஒரு ரிப்போர்ட் வரும். ஒவ்வொரு பகுதியிலும் தேர்ச்சி அளவுக்கு மேலா, பக்கத்திலா, கீழேயான்னு அதில் இருக்கும். "அதைப் பார்த்தியா?"ன்னு கேட்டேன். "கோச்சிங்ல யாரும் கேக்கலைக்கா"ன்னாள். அவங்க ஏன் கேட்கப் போறாங்க? அடுத்த க்ராஷ் பாட்சுக்கு ஃபீஸ் வாங்கியாச்சே.

அந்த பாட்சில் 'போன மாசம் வந்த கேள்விகள்'னு ஒரு கட்டு வேற விக்கிறாங்களாம். ஐயா, பிலிப்பைன்ஸை மறந்துட்டீங்களா? 2006 ஜூனில் அங்கே நர்சிங் லைசென்ஸ் தேர்வுக் கேள்விகள் கசிஞ்சுது. அந்தத் தேர்வில் தேறினவங்க சுமார் 17,000 பேர். 2007 பிப்ரவரியில், கசிஞ்ச பகுதிகளை மறுபடி எழுதித் தேறினால்தான் அமெரிக்கா போகத் தேவையான விசாஸ்கிரீன் சான்றிதழ்னு சி.ஜி.எஃப்.என்.எஸ். சொல்லிடுச்சு. ஒரு கேள்வியைக்கூடத் திருட்டுத்தனமாப் பார்க்காதவங்களும் அந்தச் சந்தேகத்தைச் சுமந்தாங்க.

சரி, இவ்வளவு அவசரப்பட்டு எங்கே போகப்போறா? அமெரிக்காவுக்கு. இந்தியாவில் பிறந்தவங்களுக்கு ஈ.பி.-3 வரிசை எங்கே நிக்குதுன்னு டல்லாஸ் மாமாவுக்குத் தெரியாதா? 2025-ஆம் வருஷத்து விசா புல்லட்டின்களில் இருந்ததெல்லாம் 2012, 2013-ஆம் வருஷத் தேதிகள். பத்து வருஷத்துக்கு மேலே நிக்கிற வரிசையில் நாலு மாசம் தாமதமா வந்தால் குடி முழுகிடுமா? கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ இதே தேர்வை வச்சுப் போறவங்களுக்குக் கணக்கு வேற. ஆனா அங்கேயும் தேறினால்தானே அடுத்த படி?

அவசரமா எழுத வேண்டியவங்களும் உண்டு. தேர்வு அனுமதிக் கடிதத்தின் காலம் முடியப்போறவங்க, ரிப்போர்ட்டில் எல்லாமே 'பக்கத்தில்'னு வந்தவங்க. அவங்க எழுதட்டும். ஆனா டூட்டிக்கு லீவு போட்டு, கேள்விகளைப் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு தப்பும் ஏன் தப்புன்னு எழுதி வச்சு, ராத்திரி தூங்கி எழுதட்டும். அந்த லீவுக்கு நாம பணம் அனுப்பலாமே?

மொத்தக் கோபமும் இதுதான். தேர்வுக் கட்டணம் 200 டாலர், இந்தியாவில் எழுத மேலும் 150, அதுக்கு மேல வரி. நமக்கு அது ஒரு வாரக்கடைசிச் செலவு. அவளுக்கு ஒரு மாசச் சம்பளத்தைவிட அதிகம். குரூப்பில் கட்டைவிரல் படம் போடுறதுக்கு நமக்கு ஒரு காசும் ஆகாது. தோத்தா மறுபடி கடன்காரர் முகத்தைப் பார்க்கப்போறது சித்தப்பா.

"மக்ளே, தேதி போடாதே. ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு. சித்தப்பாகிட்ட நான் பேசுறேன்"னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பஸ் வந்துட்டுக்கா, இன்னைக்குப் போய்த் தூங்கணும்"னாள்.

தூங்கட்டும்.

பி.கு.: டல்லாஸ் மாமா இதைப் படிச்சால் கோபப்படுவார். படட்டும். அடுத்த பொங்கலுக்குப் பேசிக்கலாம் :-)