லீவுச் சம்பளத்தில் கை வைக்காதே!

தேர்வாய் கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல் நிலத்தில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. ஊர் மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். 2012-ல் பிரெஞ்சுத் தொழிற்சங்கமான சி.ஜி.டி.யும் அவர்களோடு சேர்ந்து பாரிசில் முறையிட்டது. நிலம் போனால் என்ன, வேலை வருகிறதே என்று அன்று சொன்னார்கள். அந்த வேலைக்குரிய கூலி நயாபைசா பாக்கியில்லாமல் தொழிலாளியின் கைக்கு வருகிறதா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

எடுக்காத லீவுக்குரிய பணத்தையே எடுத்துக்கொள்வோம். இது முதலாளி தரும் இனாமல்ல. 20 நாள் உழைத்தால் 1 நாள் சம்பளத்துடன் லீவு என்பதை 1948-ம் வருஷத்து ஃபாக்டரிச் சட்டமே ஒப்புக்கொண்டது. லீவு நாளுக்கு எவ்வளவு கூலி என்பதையும் அது சொல்லியிருந்தது. முந்திய மாதத்தில் ஈட்டிய முழு வருமானத்தில் ஓவர்டைமையும் போனசையும் மட்டும் கழித்து, பஞ்சப்படியைச் சேர்த்து, வேலை செய்த நாட்களுக்குச் சராசரி காணவேண்டும்.

2025 நவம்பர் 21 அன்று மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. லீவு பெற வருஷத்தில் 240 நாள் உழைக்க வேண்டும் என்றிருந்தது 180 நாளாகியிருக்கிறது. வருஷக் கடைசியில் மிச்ச லீவைப் பணமாகக் கேட்டுப் பெறலாம். நல்லதுதான். ஆனால் "கூலி" என்ற சொல்லுக்குப் புதிய சட்டம் தரும் விளக்கத்தைப் பாருங்கள். வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை கூலியில் சேராது. இப்படி ஒதுக்கிய தொகை மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், அந்த அதிகப்படி மட்டும் கூலியில் சேரும். ஆகவே சம்பளத்தில் பாதியைக் கூலிக்கு வெளியே நிறுத்த வழி திறந்திருக்கிறது.

இதனால் என்ன நஷ்டம்? மாதம் ரூ.18,000 வாங்கும் ஒரு தொழிலாளிக்கு 12 நாள் லீவு மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். முழுச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் அவருக்கு ரூ.8,308 வரவேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து ரூ.9,000 மட்டுமே கூலி என்று வைத்தால் ரூ.4,154. அதையும் 30-ஆல் வகுத்தால் ரூ.3,600! தொழிலாளி உழைத்தது அதே நாட்கள்தான். வாரவிடுமுறையையும் வேலை நாளாக எண்ணி வகுப்பது என்ன நியாயம்? பணிக்கொடைக்கு மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுக்கவேண்டும் என்று சட்டமே சொல்லும்போது லீவுக்கு மட்டும் வேறு கணக்கா?

ஒப்பந்தத் தொழிலாளியின் பாடு இன்னும் மோசம். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் அவருடைய லீவுக் கணக்கும் காற்றில் பறந்துவிடுகிறது. விலகினாலும் விலக்கப்பட்டாலும், குறிப்பிட்ட நாட்கள் பூர்த்தியாகாவிட்டாலும், சேர்ந்த லீவுக்குப் பணம் உண்டு. இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் அது பட்டுவாடா ஆகவேண்டும். தொழிலாளி இறந்துபோனால் இரண்டு மாதத்துக்குள் குடும்பத்தாரிடம் சேரவேண்டும். "செட்டில்மெண்ட்" என்று ஒரு மொத்தத் தொகையைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டால், லீவு எத்தனை நாள், தினக்கூலி எவ்வளவு, எதனால் வகுத்தீர்கள் என்று தோழர்கள் எழுத்து மூலம் கேட்கவேண்டும்.

ஒப்பந்தத்தின் மூலம் பெற்ற கூடுதல் உரிமைகளைப் புதிய சட்டமும் பறிக்க முடியாது. எனவே முழுச் சம்பளம், 26-ஆல் வகுத்தல் என்ற இரண்டையும் அடுத்த கூலி ஒப்பந்தத்தில் சங்கங்கள் எழுதி வாங்கவேண்டும். கான்ட்ராக்டர் மாறினாலும் தொழிலாளியின் லீவுக் கணக்கு அறுபடாமல் தொடரவும், மூல முதலாளி அதற்குப் பொறுப்பேற்கவும் தமிழக அரசு தன் விதிகளில் ஐயத்துக்கிடமின்றி வகைசெய்ய வேண்டும்.