வாவிக்கரையில் வீடு யாருடையது?

மட்டக்களப்பைப் பற்றி எழுதுவோர் பாடும் மீன்களில் தொடங்குவது வழக்கம். நான் ஒரு வீட்டு உறுதியில் தொடங்க விரும்புகிறேன்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பு எழுவான்கரை. தென்னையும் மீன்பிடியும் நெருக்கமான குடியிருப்புகளும் கொண்டது. வாவிக்கு மேற்கே வயல்கள் விரியும் நிலம் படுவான்கரை. ஞாயிற்றின் போக்கைக் கொண்டு நிலத்துக்குப் பெயரிட்ட இம்மக்கள், குடியைத் தாய்வழியே கணக்கிட்டனர். கோயில் உரிமைகளும் குடிவழியே வகுக்கப்பட்டன. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகும். மணமகன் மனைவியின் வீட்டுக்குக் குடிவருவான். தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடமும் இவ்வழக்கம் உண்டு.

பசிபிக்கில் எரிமலைகள் நிறைந்த மெலனீசியத் தீவான பூகன்வில்லிலும் பெரும்பாலான சமூகங்களில் நிலம் தாய்வழியே இறங்குகிறது. செப்புச் சுரங்கத் திட்டத்துக்காக 1969இல் அங்கு நிலம் எடுக்கப்பட்டபோது பெண்கள் புல்டோசர்களின் முன் நின்று மறித்தனர். 1988இல் மூண்ட கிளர்ச்சி மறு ஆண்டே சுரங்கத்தை மூட வைத்தது. நிலத்துக்கு உரியவர் யார் என்று கேளாமல் தொடங்கியதன் விலை அது.

நம் கரையில் அதே பிழையை ஒரு படிவம் செய்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுவான்கரையை அழித்தது. கிழக்கில் கடலோரத்திலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் வீடு கட்டலாகாது என்று முதலில் அறிவித்தார்கள். தாய் தந்த வளவை இழந்த பெண்களுக்கு வேறிடத்தில் வீடு கிடைத்தது. ஆனால் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்றொரு கட்டம் இருந்தது. பல இடங்களில் அதில் கணவனின் பெயரே எழுதப்பட்டது. மறு ஆண்டு நான் சந்தித்த ஒரு தாய், வீடு கிடைத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு, மகளுக்கு இனி எதைக் கொடுப்பது என்று கேட்டார். அன்று என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

சீதன வழக்கத்தை நான் போற்றிப் பாட வரவில்லை. பெண்மக்கள் பலரைப் பெற்றோரை அது எவ்வளவு வருத்துகிறது என்பதை அறிவேன். ஆயினும் கைவிடப்பட்ட பெண்ணுக்கும் கைம்பெண்ணுக்கும் கூரையை உறுதிசெய்தது அவ்வழக்கமே. போர் கைம்பெண்களைப் பெருக்கிய ஒரு மாவட்டத்தில் இது சிறிய செய்தியன்று.

அரசகாணி வாரிசுரிமையில் ஆண்மக்களுக்கு முன்னுரிமை தந்த 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. நல்லதே. ஆனால் 2022இன் திருத்தம், அதற்கு முன் ஆணின் பெயரில் எழுதப்பட்ட உறுதிகளைத் தானாக மாற்றிவிடாது. மனைவிக்குரிய வளவை இழந்ததற்கு ஈடாகக் கிடைத்த வீட்டை அவள் பெயருக்கு, குறைந்தபட்சம் இருவர் பெயருக்கும், மாற்றிக்கொடுக்கச் செலவில்லாத வழியொன்றை அரசு திறக்க வேண்டும். கணவன்மாரும் முன்வந்து கையொப்பமிட வேண்டும். அவர்கள் குடிவந்த வீடல்லவா அது!