பொருந்தாத விடை

பௌதிக ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல் சோதனையின்போது, கண்டதைக் கண்டபடி எழுதுபவர் நம்மில் எத்தனை பேர்? புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்கிறது புத்தகம். நமக்கு 10.86 வந்தால் ரப்பரால் அழித்து, 9.79 என்று எழுதிவிடுகிறோம். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லும் வழக்கமும் நமக்கில்லை!

திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன், 1928 பெப்ரவரி 28-ல் கல்கத்தாவில் கண்டறிந்ததை நாம் அறிவோம். பொருளின்மேல் விழும் ஒளியில் சிறு பகுதி நிறம் மாறிச் சிதறுகிறது. அம்மாற்றம் மூலக்கூறின் கைரேகை போன்றது. ஆனால் அப்படி மாறுவது ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கே. குப்பி நிறையத் திரவம் இருந்தால் காணலாம். உலோகத்தின்மேல் ஒரு மூலக்கூறு கனமே படிந்த கரிமப் படலத்தில் எப்படிக் காண்பது?

1974-ல் இங்கிலாந்தில் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்து ஃபிளைஷ்மன், ஹெண்ட்ரா, மக்குயிலன் என்ற மூவரும் வெள்ளியை மின்சாரத்தால் அரித்துச் சொரசொரப்பாக்கினர். பரப்பு கூடினால் அதில் ஒட்டும் பிரிடின் மூலக்கூறுகளும் கூடுமல்லவா? (பூசைப் பாத்திரங்களைப் பளபளக்கத் துலக்கும் நமக்கு இது வேடிக்கைதான்.) பிரிடினின் வரிகள் தெளிவாகத் தெரிந்தன. பரப்பு கூடியதே காரணம் என்று கொண்டனர்.

1977-ல் அமெரிக்காவில் ஜீன்மேர், வான் டூய்ன் இருவரும், இங்கிலாந்தில் ஆல்பிரெக்ட், கிரைட்டன் இருவரும் தனித்தனியே இதை ஆராய்ந்தனர். கணக்கு ஒத்துவரவில்லை. பரப்பு கூடியதைக் கொண்டு விளக்கவே முடியாதபடி, சிதறிய ஒளி இலட்சம் மடங்குக்கு மேல் பெருகியிருந்தது! அவர்கள் ரப்பரைத் தேடவில்லை. கண்டதை அப்படியே வெளியிட்டனர். வெள்ளியின் நுண்மேடுகளில் எலெக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடி, மேற்பரப்பை ஒட்டிய மின்புலத்தைப் பெருக்குவதே முக்கிய காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. பழைய ஓவியங்களின் சாயத்தையும், பழத்தோலில் ஒட்டிய பூச்சிமருந்தையும் இன்று இம்முறையால் கண்டறிகிறார்கள்.

எங்களில் ஒருத்தி இவ்வாண்டு தன் 10.86-ஐ அழிக்காமல் வைத்திருந்தாள். இரண்டு நாள் கழித்தே காரணம் பிடிபட்டது. ஊசலை விட்டவுடனே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியிருக்கிறாள். 'பூஜ்யம்' என்றல்லவா தொடங்கவேண்டும்? 19 அலைவுகள் 20 ஆகிவிட்டன. கணக்கிட்டால் சரியாக 10.86 வருகிறது! சரியான விடை எழுதிய எங்களுக்கு அன்று கிடைக்காத மகிழ்ச்சி அவளுக்குக் கிடைத்தது.

ஆகவே ஆசிரியைகளிடமும் அருட்சகோதரியரிடமும் எங்கள் விண்ணப்பம் இது: பொருந்தாத விடையை எழுதி, காரணத்தையும் தேடி எழுதுபவளுக்கு முழு மதிப்பெண் தாருங்கள். அதற்கென ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். பெற்றோரும், அந்தப் பக்கத்தில் சிவப்பு மையைக் கண்டு எங்களைக் கோபிக்க வேண்டாம்.