சிறைப்படுபவர் யாரென்று தெரியாதபோது

திண்டிவனத்திலிருந்து ஒரு தாய் நமக்கு நீண்டதொரு மடல் வரைந்திருக்கிறார். பெங்களூரில் பணிபுரியும் அவருடைய மூத்த மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு சீட்டாட்டப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாராம். கல்லூரியில் பயிலும் மகளும், விழுப்புரத்தில் வாழும் தமக்கையின் மகனும் ஞாயிறுதோறும் அதை ஆடத் தொடங்கினர். பையன் காலைப் பூசை முடிந்ததும் ரயிலேறி, முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் கடந்து சித்தி வீடு வந்து சேர்ந்துவிடுவான். முதல் இரண்டு களங்களையும் வென்ற பிள்ளைகள், மூன்றாம் களத்தில் ஒன்பது முறை தோற்றனர். இப்பொழுது பையன் வருவதில்லை. "நீ சொல்கிற சீட்டைப் போடுவதற்கு நான் எதற்கு அக்கா? இரண்டு பக்கமும் நீயே ஆடிக்கொள்" என்று சொல்லிவிட்டானாம். பெட்டியைப் பரணில் போட்டுவிடலாமா என்று கேட்கிறார் அத்தாய். மாயாவியும் இருள் கோபுரமும் வருகிற கதை நம் பிள்ளைகளுக்கு ஏற்றதுதானா என்றும் ஓர் ஐயம் எழுப்பியிருக்கிறார்.

இரண்டாம் ஐயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். அப்பெட்டி 2011-ஆம் ஆண்டு நேட் ஃபிரெஞ்ச் என்பவர் வடிவமைத்து, ஃபேண்டஸி ஃபிளைட் நிறுவனம் வெளியிட்ட 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' சீட்டாட்டம். மூலக் கதையை எழுதிய டோல்கீன் நம் திருச்சபையைச் சேர்ந்தவர். தாய் 1900-இல் கத்தோலிக்க மறையைத் தழுவியபோது அவர் எட்டு வயதுச் சிறுவர். நான்கே ஆண்டுகளில் தாயையும் இழந்தார். பர்மிங்காம் நகரத்து அருட்தந்தை பிரான்சிஸ் மார்கன் காப்பாளராயிருந்து அவரை ஆளாக்கினார். டோல்கீனின் மூத்த மகன் ஜான் 1946-இல் குருவானார். கதையில் இருள் உண்டு. ஆயினும் அது தோற்கடிக்கப்படவேண்டிய இருளே. அன்னை அஞ்ச வேண்டியதில்லை.

இனி ஆட்டத்திற்கு வருவோம். நம் பகுதியில் 'இருபத்தெட்டு' ஆடத் தெரிந்த பெரியவர்கள் பலருண்டு. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஆக ஓரினத்துக்கு 7, நான்கினத்துக்கு 28. எதிரும் புதிருமாக அமர்ந்த இருவர் கூட்டாளிகள்; ஆனால் கையிலிருப்பதை ஒருவருக்கொருவர் சொல்லலாகாது. புருவத்தை உயர்த்தினாலே சண்டை வந்துவிடும். இப்புதிய ஆட்டத்திலோ எதிராளி என்று மனிதர் எவருமில்லை. அமர்ந்திருப்போர் அனைவரும் ஒரே அணி. எதிரிகளும் இடர்களும் ஒரு தனிச் சீட்டுக்கட்டிலிருந்து வருகின்றன. வென்றால் எல்லோரும் வெல்வர். தோற்றால் எல்லோரும் தோற்பர். பணயம் இல்லை. பேசுவதற்கும் தடை இல்லை. தடையில்லாத அப்பேச்சுதான் விழுப்புரத்துப் பையனை வீட்டிலேயே இருத்தியிருக்கிறது என்பது நம் ஊகம்.

அக்காள் இரண்டு கட்டுகளையும் தாமே கோத்தார். பிறகு இரண்டையும் தாமே ஆடினார். அன்பினால்தான் செய்தார், ஐயமில்லை. ஆனால் மூன்றாம் களத்தை அந்த வழியில் வெல்வது அரிது. ஏனென்று விளக்குவோம்.

ஒவ்வோர் ஆட்டக்காரரும் மூன்று நாயகர்கள் வரை தெரிந்துகொண்டு, 50 சீட்டுகளுக்குக் குறையாத கட்டொன்றைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும். ஒரே சீட்டு 3 படிகளுக்கு மேல் கூடாது. சீட்டுகள் தலைமை, போர்த்திறம், ஆன்ம வலிமை, மரபறிவு என நான்கு துறைப்பட்டவை. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு நாயகரும் தம் துறைக்கு ஒரு காசு ஈட்டுவார். அத்துறைச் சீட்டை அத்துறைக் காசு கொண்டே வாங்கவேண்டும். மூன்று நாயகரின் மதிப்பையும் கூட்டிய தொகைதான் தொடக்க அபாய எண். அது சுற்றுக்கு ஒன்றாக ஏறும். 50 ஆகிவிட்டால் அந்த ஆட்டக்காரர் வெளியேற வேண்டும்.

ஐம்பதுதான் குறைந்த அளவு என்றால் ஐம்பதோடு நிறுத்துவதே அறிவுடைமை. பிடித்த சீட்டையெல்லாம் சேர்த்து 60 ஆக்கிவிடும் பழக்கம் இளையோரிடம் உண்டு. 50 சீட்டுக் கட்டில் 3 படிகள் உள்ள ஒரு சீட்டு, முதலில் எடுக்கும் 6 சீட்டுகளுக்குள் வருவதற்கு நூற்றுக்கு 32 வாய்ப்பு. பிடிக்காத கையை ஒருமுறை கலைத்து மறுபடி எடுக்கலாம். அதற்காகவே கலைத்தால் 54. அறுபதாக்கினால் முதல் கையில் 28-ஆகச் சுருங்கிவிடும். 2011-ஆம் ஆண்டுப் பெட்டியில் பல சீட்டுகளுக்கு மூன்று படிகள் கிடையா. 2022-இல் வந்த திருத்திய பெட்டியில் மூன்றும் உண்டு. மகன் கொண்டுவந்தது எதுவென்று பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் களத்தின் பெயர் 'டோல் குல்டூரிலிருந்து தப்புதல்'. தொடங்கும்போதே, இருவரின் ஆறு நாயகர்களில் ஒருவர் குலுக்கல் முறையில் சிறைப்படுகிறார். அவர் சீட்டு கவிழ்க்கப்படும். மீட்கப்படும்வரை அவர் பயணத்திற்கும் உதவார், போருக்கும் உதவார், காசும் ஈட்டார். பிள்ளைகள் ஒன்பது முறையும் விழுந்த குழி இதுவாகத்தான் இருக்கவேண்டும். மிகச் சிறந்த நாயகர் ஒருவரைத் தூணாக நிறுத்தி அவரைச் சுற்றியே கட்டைக் கோத்தால், ஆறில் ஒரு முறை அந்தத் தூண் ஆட்டம் தொடங்குமுன்பே சரிந்துவிடும். அதைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. ஒரு துறைக்கு ஒரே நாயகர் இருந்து அவர் சிறைப்பட்டால், கட்டிலுள்ள அத்துறைச் சீட்டுகள் அத்தனையும் வாங்க முடியாத வெறும் அட்டைகளாகிவிடும்.

ஆகவே கட்டை அமைத்து முடித்தவுடன் ஒரு சோதனை செய்து பார்க்கச் சொல்கிறோம். மூன்று நாயகர்களில் ஒருவரைக் கவிழ்த்து வையுங்கள். இப்போது எத்தனை சீட்டுகளை வாங்க இயலாது என்று எண்ணுங்கள். அடுத்தவருக்கும், மூன்றாமவருக்கும் அவ்வாறே செய்யுங்கள். எந்த ஒருவரைக் கவிழ்த்தாலும் செத்துப்போகும் சீட்டுகள் பத்துக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் கட்டைப் பிரித்து மீண்டும் கோக்க வேண்டியதுதான். ஒரு துறைக்கு இரு நாயகர், மற்றொரு துறைக்கு ஒருவர்; அந்த ஒருவரின் துறையில் ஏழெட்டுச் சீட்டுகள், அவையும் விலை குறைந்தவை என்ற அமைப்பு இச்சோதனையில் தேறும்.

பெட்டி ஒன்று, துறை நான்கு, வீடு இரண்டு. பாகப்பிரிவினை எளிது. திண்டிவனம் ஆன்ம வலிமையையும் மரபறிவையும் எடுத்துக்கொள்ளட்டும்: எயோவின் 9, எலியனோர் 7, பெராவோர் 10; தொடக்க அபாய எண் 26. விழுப்புரம் போர்த்திறத்தையும் தலைமையையும் எடுக்கட்டும்: கிம்லி 11, லெகோலாஸ் 9, தியோட்ரெட் 8; கூட்டினால் 28. தியோட்ரெட்டுக்குப் பதிலாக அரகார்னை வைக்கப் பையனுக்கு ஆசை இருக்கும்; யாருக்குத்தான் இருக்காது? ஆனால் அரகார்னின் மதிப்பு 12. தொடக்கமே 32 ஆகிவிடும். இக்களத்துக் கட்டில் உங்கோலியன்டின் குஞ்சு என்றொரு பெருஞ்சிலந்தி உண்டு. அபாய எண் 32-ஐத் தொட்டவர் மேல் அது தானே வந்து பாயும். 28-இல் தொடங்கினால் ஏறத்தாழ நான்கு சுற்றுகள் மூச்சுவிட இடமிருக்கும்.

அடுத்த நிபந்தனை பலரும் பாதி படித்துவிட்டு மறப்பது. இக்களத்தில் ஒரு சுற்றில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரே ஒரு துணைவர் சீட்டைத்தான் விளையாடலாம். ஆளுக்கு ஒன்றன்று, அணிக்கே ஒன்று. வேறு களங்களில் நன்கு உதவும், துணைவர்கள் நிறைந்த கட்டு இங்கே கையில் தேங்கி நிற்கும். துணைவர்களைக் கட்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று என்று குறைத்து, விலை குறைந்த இருவரைவிட வலிமை மிக்க ஒருவரே மேல் என்று தேர்ந்துகொள்ள வேண்டும். மீதி இடத்தை நிகழ்ச்சிச் சீட்டுகளும் இணைப்புச் சீட்டுகளும் நிரப்பட்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தலைமைத் துறையில் 'ஸ்னீக் அட்டாக்' என்ற ஒரு காசுச் சீட்டு, கையிலிருக்கும் துணைவரைக் களத்தில் 'இறக்குகிறது'. அது விளையாடுவதாகக் கணக்கில் வராது. காண்டால்ஃப் ஐந்து காசு மதிப்புள்ள துணைவர். எத்துறைக் காசும் அவருக்குச் செல்லும். வந்தவுடன் ஓர் எதிரிக்கு 4 அடி, அல்லது 3 சீட்டு, அல்லது அபாய எண்ணில் 5 குறைப்பு என்று மூன்றில் ஒன்றைத் தருவார். ஒரு காசில் அவரை இறக்கினால் அச்செயலும் முடிந்து, அக்கட்டத்தின் இறுதியில் மறுபடியும் கைக்கே வந்துவிடுவார். இவ்விரு சீட்டுகளிலும் மும்மூன்று படிகளை விழுப்புரத்துக் கட்டில் வைக்கத் தவறலாகாது.

தப்புவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் சீட்டு உண்டு. காவலை நீக்கியபின் ஒரு நாயகர் அதைச் சுமக்க வேண்டும். சுமையோடு தண்டனையும் வரும். நிலவரைபடத்தைச் சுமப்பவர் போரிடலாகாது, தற்காக்கவும் ஆகாது. அதை எயோவினிடம் கொடுத்துவிட்டால் இழப்பே இல்லை; பயணத்தில் அவர் மனவலிமை 4, தாக்கும் திறன் ஒன்றே. தீப்பந்தத்தைச் சுமக்கும் நாயகரின் ஆட்டக்காரருக்குச் சுற்றுக்கு 2 அபாயம் கூடும். வழக்கமான ஒன்றோடு சேர்ந்து 3. எனவே 26-இல் தொடங்கியவரே சுமக்கட்டும். முதற் சுற்றிலிருந்தே சுமந்தாலும் எட்டாம் சுற்றின் முடிவில்தான் 50-ஐத் தொடுவார். ஆன்ம வலிமைத் துறையின் 'கலத்ரிம்ஸ் கிரீட்டிங்' 6 குறைத்து இன்னும் இரண்டு சுற்று வாங்கித் தரும். சாவியைச் சுமப்பவர் சுற்றுக்கு ஓர் அடி தாங்க வேண்டும். கிம்லிக்கு உயிர்ப்புள்ளி 5; மேலும் ஒவ்வோர் அடிக்கும் அவருடைய தாக்குந்திறன் ஒன்று கூடும். அவருக்கென்றே செய்த சுமை! ஆனால் ஐந்தாம் சுற்றில் வீழ்ந்துவிடுவாராதலால் சாவியைக் கடைசியாக எடுக்க வேண்டும். திண்டிவனத்தின் மரபறிவுத் துறையில் 'டாட்டர் ஆஃப் த நிம்ரோடெல்' இருந்தால், ஒரு முறைக்கு இரண்டு அடிவரை ஆற்றுவாள். ஒருவர் கட்டின் காயத்துக்கு மற்றவர் கட்டில் மருந்து இருப்பதுதான் இந்த ஆட்டத்தின் அழகு.

இவ்வளவையும் நாமே சொல்லிவிட்டு அக்காளைக் குறைகூறுவது முறையன்று என்று வாசகர் நகைக்கலாம். நாயகர்களையும் சுமைகளையும் சொன்னோம்; ஐம்பது சீட்டுகளில் பெரும்பாலானவற்றைச் சொல்லவில்லை. பையன் தன் கட்டைத் தானே விழுப்புரத்தில் அமர்ந்து கோக்கட்டும். அவனுடைய இரு துறைச் சீட்டுகளையும் ஓர் உறையிலிட்டுக் கொடுத்தனுப்புங்கள். தொலைபேசியில் இருவரும் பேசிக்கொள்ள வேண்டியவை மூன்றே: நாயகர் யாவர், யார் பயணத்தைக் கவனிப்பது யார் போரை, யார் எதைச் சுமப்பது. ஆட்டத்தின்போது அணிக்குரிய அந்த ஒற்றைத் துணைவரை எவர் இறக்குவது என்பதைச் சுற்றுதோறும் கலந்து பேசுங்கள். மற்றபடி அவன் கையை அவன் ஆடட்டும். இது மரியாதைக்காக மட்டும் சொன்னதன்று. தன் கட்டில் எது எத்தனை படி என்று கோத்தவனுக்கே நினைவிருக்கும். இக்களத்தில் அந்நினைவு மிக வேண்டும்.

'டெஸ்ட் ஆஃப் வில்', 'ஹேஸ்டி ஸ்ட்ரோக்' என்ற இரண்டையும் திண்டிவனம் மும்மூன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். முன்னது, திறந்தவுடன் தாக்கும் இடரைத் தடுப்பது. களைத்துச் சாய்ந்த அனைவருக்கும் ஓர் அடி கொடுக்கும் 'நெக்ரோமேன்சர்ஸ் ரீச்' வரும்போது அதன் அருமை தெரியும். பின்னது, எதிரி தாக்குகையில் வரும் நிழல் விளைவை நீக்குவது. சிறைப்பட்டவர் மீட்கப்பட்ட அக்கணமே களத்தில் நஸ்கூல் தோன்றுவான். தாக்குதல் 4, தற்காப்பு 3, உயிர்ப்புள்ளி 9. அவனுக்கு இட்ட நிழல் விளைவு நிறைவேறினால், அவனோடு பொருதும் ஆட்டக்காரர் தம் ஆட்களில் ஒருவரை இழக்க வேண்டும். ஹேஸ்டி ஸ்ட்ரோக்கைச் சிறு எதிரிகளிடம் செலவிட்டுவிட்டவர்கள் இங்கே கைபிசைவர்.

மீட்பு நடந்துவிட்டதால் அதுவரை செத்துக் கிடந்த சீட்டுகளும் இப்போது உயிர் பெறுகின்றன. சிறைப்பட்டவர் தியோட்ரெட்டாகவே இருந்திருந்தாலும் கையில் தேங்கிய ஸ்னீக் அட்டாக்கை இனி வாங்கலாம். நஸ்கூலை ஒரே சுற்றில் வீழ்த்த 12 வலிமை வேண்டும். இரண்டு சுற்றாக்கினால் தற்காப்பை இருமுறை கழிக்க நேர்ந்து 15 ஆகிவிடும். ஆகவே ஒரே சுற்று. போர்த்திறத் துறையின் 'ஃபெயின்ட்' ஒரு காசில் அவன் தாக்குதலை நிறுத்தும். பின்பு ஸ்னீக் அட்டாக்கால் காண்டால்ஃப் வந்து நேராக 4 அடி கொடுப்பார்; அதற்குத் தற்காப்புக் கழிவில்லை. எஞ்சியது 5, தற்காப்போடு 8. காண்டால்ஃபின் வாள் 4, லெகோலாசின் வில் 3. மீதி ஒன்றுக்குச் சாவி சுமந்து அடிபட்ட கிம்லி போதும். அதுவரை அவரைச் சாய்க்காமல் வைத்திருக்க வேண்டியது பையனின் பொறுப்பு.