ஜப்பான் நட்ட காடும் சீனா மூடிய காடும்

ஆசியாவின் ஊசியிலை மரச் சந்தையில் 1990-கள் வரை ஜப்பான் வைத்ததே விலை. அதன்பின் அந்த இடத்துக்குச் சீனா வந்தது. ஒன்றின் இறக்குமதி இறங்க, மற்றதன் இறக்குமதி ஏறியதற்கு வீடு கட்டும் வேகம் ஒரு காரணம்தான். சொந்தக் காட்டை இரு நாடுகளும் நடத்திய விதம் அதைவிடப் பெரிய காரணம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மொட்டையான மலைகளில் ஜப்பான் சுகி, ஹினோகி என்ற ஊசியிலை மரக் கன்றுகளை நட்டது. அவை முற்றும்வரை வீடுகள் காத்திருக்கவில்லை. 1964-க்குள் மர இறக்குமதிக்கான தடைகள் விலக்கப்பட்டன. அமெரிக்க, கனடிய மேற்குக் கரையிலிருந்து மரம் குவிந்தது. 1973-ல் மட்டும் ஏறக்குறைய 19 லட்சம் வீடுகளின் கட்டுமானம் தொடங்கியது. 1950-களின் நடுவில் 90 சதவீதத்துக்கு மேல் இருந்த மரத் தன்னிறைவு, 2002-ல் 19 சதவீதத்துக்கும் கீழே போனது.

வேதனை என்னவென்றால், அதற்குள் நட்ட மரங்கள் வெட்டும் பருவத்தை எட்டியிருந்தன. ஆனால், யென்னின் மதிப்பு உயர்ந்ததால் வெளிநாட்டு மரம் மலிவாகக் கிடைத்தது. தரமும் குறுக்கே நின்றது. ஜப்பானிய மரவீட்டின் தூண் பெரும்பாலும் 10.5 அல்லது 12 சென்டிமீட்டர் சதுரம். ஈரம் காயாத சுகித் தூண் நாளடைவில் சுருங்கி முறுக்கும்; இயந்திரம் வெட்டிய பொருத்து பிசகிவிடும். வீட்டின் முக்கியப் பாகங்களுக்குப் பத்தாண்டுப் பொறுப்பைக் கட்டுநர்மீது சுமத்தும் சட்டம் 2000-ல் நடைமுறைக்கு வந்ததும், சூளையில் உலர்த்தி அடுக்கி ஒட்டிய ஐரோப்பிய ஸ்புரூஸ் தூணையே அவர்கள் நாடினார்கள். மலையில் சுகி கலைத்துவிடப்படாமல் நெருக்கியடித்து வளர்ந்தது. அதன் மகரந்த ஒவ்வாமை இன்று ஜப்பானியரில் மூன்றில் ஒருவரையாவது வாட்டுகிறது.

சீனாவின் திருப்புமுனை 1998-ல் யாங்சி ஆற்றில் வந்த பெருவெள்ளம். ஆற்றின் தலைப்பகுதியில் காடு அழிந்ததே அழிவைப் பெரிதாக்கியது என்று கருதிய அரசு, அங்கே மரம் வெட்டுவதை நிறுத்தியது. 1999-ல் உருட்டு மரத்துக்கான இறக்குமதி வரியையும் நீக்கியது. மஞ்சௌலி, சுய்ஃபென்ஹே எல்லை நிலையங்கள் வழியே ரஷ்ய மரம் ரயில் ரயிலாக வந்திறங்கியது. 2007 முதல் ரஷ்யா ஏற்றுமதி வரியை உயர்த்தவே, சீன வணிகர்கள் நியூசிலாந்தின் ரேடியாட்டா பைனுக்குத் திரும்பினார்கள். முப்பதாண்டுக்குள் அறுவடைக்கு வரும் இந்த மரம், சென்ட்ரிங் பலகையாகவும் சரக்கு ஏற்றும் பேலட்டாகவும் போகிறது. ஆகவேதான் 2021-க்குப் பின் சீனாவில் அடுக்குமாடி வணிகம் சரிந்ததும் இறக்குமதியும் சரிந்தது.

அதே ரஷ்ய வரி ஜப்பானில் நன்மை செய்தது. ஒட்டுப்பலகை ஆலைகள் சுகிக்கு மாறின. தன்னிறைவு 2020-ல் 40 சதவீதத்தைத் தாண்டியது. மக்கள்தொகை குறைந்து வீட்டுத் தேவை சுருங்கியதும் இதற்குத் துணைநின்றது.

சீனா தன் காட்டைக் காத்தது பாராட்டத் தக்கதே. ஆனால், அந்தக் கோடரி ரஷ்யத் தூரக்கிழக்குக் காடுகளுக்குப் போனது. அங்கே திருட்டு வெட்டும் நடந்தது. சட்டவிரோத மரம் என்று தெரிந்தே வாங்குவதைச் சீனாவின் புதிய வனச் சட்டம் 2020 முதல் தடுக்கிறது. மரம் எங்கே, எப்படி வெட்டப்பட்டது என்று இறக்குமதியாளரே சரிபார்ப்பதை 2025 ஏப்ரல் முதல் ஜப்பான் கட்டாயமாக்கியிருக்கிறது. சீனத் துறைமுகங்களிலும் இதே கட்டாயம் வரவேண்டும்.